சிவப்புப் பெட்டியில் நீலக் கேபிள்

மார்ச் 4, இரவு

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. நீ தங்கியிருக்கும் வீட்டுத் தோழியிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழித்த துண்டுகளை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டுக் கிழி.

என் போன் அப்பாவின் மேசை டிராயரில் இருக்கிறது. நீ போன மறுநாளே வாங்கி வைத்துவிட்டார். கம்ப்யூட்டரிலும் எழுத முடியாது. இந்த ஊழியர் குடியிருப்பில் எல்லா வீட்டு இன்டர்நெட்டும் பள்ளி அலுவலகத்துப் பெட்டி வழியாகத்தான் போகிறது என்று நீதான் ஒருமுறை சொல்லிப் பயமுறுத்தினாய். அதனால் காகிதம். உன் பழைய ஸ்வெட்டரைச் சலவைக்கடை அத்தையிடம் வெளுக்கக் கொடுப்பதுபோல் கொடுக்கப்போகிறேன். கடிதம் அதன் பாக்கெட்டில் இருக்கும். "உன் துணி ரெடி" என்று அவர் உனக்குப் போன் செய்வார். நீயும் அப்படியே எதையாவது கொடுத்தனுப்பு. அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சண்டை போட்ட வீட்டுத் துணியெல்லாம் எனக்குப் பழக்கம்மா" என்றார்.

வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா உன் தட்டை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள். அப்பா சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோகிறார், எதுவும் இறங்குவதில்லை. கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், நீ உன் பாடத்தைப் படி என்கிறாள் அம்மா.

எப்படி மறப்பார்கள்? வகுப்பில் என் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. சுருட்டை வருவதில்லை. அவள் ஆலோசகர் மேடத்திடம் கதவைச் சாத்திக்கொண்டு அழுது சொன்னதெல்லாம், மேடம் டைப் செய்தபடியே, எல்லார் போனிலும் இருக்கிறது. அவள் அம்மா விட்டுப்போனதிலிருந்து விளக்கை அணைத்தால் அவளுக்குத் தூக்கம் வராது என்பதுவரை. போன வாரம் அவள் பஸ்ஸில் ஏறியபோது பின்சீட்டிலிருந்து ஒருவன், "லைட்டைப் போடுங்கப்பா, மேடம் வர்றாங்க" என்றான். மொத்த பஸ்ஸும் சிரித்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அதோடு சரி.

பள்ளி முதல்வர் அம்மா இன்று காலைக் கூட்டத்தில் என்ன சொன்னார் தெரியுமா? மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் எதற்கும் பயப்பட வேண்டாமாம். அப்படியென்றால் அவர் அறைக்கு ஏன் இரண்டு பூட்டு? அதோடு, "பழைய ஊழியர் ஒருவரின் அஜாக்கிரதையால்" என்றும் சொன்னார். வரிசையில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் உன் அறையில், சிவப்பு டேப் ஒட்டிய பெட்டி ஒன்று, நீல டேப் ஒட்டிய பெட்டி ஒன்று இருக்குமே. நீல டேப் ஒட்டிய கேபிள் சிவப்புப் பெட்டியில் செருகியிருக்கலாமா? எப்போதாவது? சும்மா கேட்கிறேன்.

அப்பாமேல் ரொம்பக் கோபப்படாதே. ப்ளீஸ்.

சுண்டெலி


மார்ச் 6

சுண்டெலி,

கிழிக்கவில்லை. இன்னொரு முறை படிக்க வேண்டியிருந்தது. நாளை கிழிக்கிறேன், வெவ்வேறு குப்பைத்தொட்டிகளில், வெவ்வேறு தெருக்களில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

முதலில் ஒன்று சொல். அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை எனக்கு ஏன் எழுதினாய்? அவர் எழுதச் சொன்னாரா? அலுவலகமே எழுந்து நின்றிருக்கும்போது, தாளாளர் முன்னால், "என் பொண்ணுதான் சார். சின்ன வயசு, அஜாக்கிரதை" என்று சொன்னவர் அவர், பள்ளியின் அலுவலக மேனேஜர். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார், கூட்டல் தப்பாகப் போட்ட குமாஸ்தாவை நிறுத்துவதுபோல. வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாள் வெளியில இரு" என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். பதிலுக்கு அம்மா என் பையை எடுத்து வந்து கட்டில்மேல் வைத்தாள். இதில் யாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று நான் கவலைப்பட வேண்டும்?

இங்கே நான் இருப்பது ஒரு டயர்க்கடைக்கு மேல்மாடி. நாள் முழுக்கக் கீழே காற்றடிக்கும் சத்தம். என் மனநிலைக்குப் பொருத்தமான பின்னணி இசை.

இப்போது உன் கேபிள். சும்மா கேட்கிறாயா? நீ சும்மா எதையும் கேட்பவள் இல்லை. பதில்: கூடாது. ஒரு நிமிடம்கூடக் கூடாது.

ஏன் என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன், ஏனென்றால் அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் புரியும்படி சொல்ல என்னால் முடியவில்லை. பள்ளியின் வெப்சைட்டை உலகத்தில் யார் வேண்டுமானாலும் தட்டலாம். தட்டுவதற்காகத்தான் அது இருக்கிறது. அதனால் அது இருக்கும் சர்வரை நான் வீட்டின் முன்னறை மாதிரி வைத்தேன். வந்தவர் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், போகலாம். உள்ளறைகளுக்கு, அதாவது உங்கள் மதிப்பெண், விலாசம், ஆலோசகர் மேடம் எழுதுவது எல்லாம் இருக்கும் சர்வருக்கு, நடுவில் இன்னொரு கதவு, ஃபயர்வால். அது வெளியிலிருந்து திறக்காது. தினமும் சாயங்காலம் ஒரே ஒருமுறை, மதிப்பெண் பட்டியலை மட்டும் உள்ளேயிருந்து முன்னறைக்கு நீட்டும். முன்னறையிலிருந்து யாரும் உள்ளே கைவிட்டு எடுக்க முடியாது. சிவப்புப் பெட்டி முன்னறை. நீலப் பெட்டி உள்ளறை. இரண்டுக்கும் நடுவில் நேரடியாக ஒரு கேபிள் போட்டால் அந்தக் கதவு சுவரோவியம்தான், பார்க்க அழகாக இருக்கும்.

இதற்கு எங்கள் தொழிலில் டி.எம்.இசட். என்று பெயர். சண்டை போடும் இரண்டு நாடுகளுக்கு நடுவில், யாரும் ஆயுதம் வைக்காமல் விட்டுவைக்கும் நிலத்துக்கு உள்ள பெயர். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "ஒரு ஸ்கூலுக்கு எதுக்கு ராணுவம்?" என்று தாளாளரைச் சிரிக்க வைத்தார். அன்றிலிருந்து, யாரையும் உள்ளே விடாத என் அறைக்கு அந்தப்புரம் என்று பெயர்.

வெப்சைட் ஒரு நாள் உடைக்கப்படும் என்று எனக்குத் தெரியும். எல்லாருடையதும் உடையும். உடைந்தாலும் ஒரு நாற்காலியும் ஒரு தண்ணீர்ச் சொம்பும்தான் போக வேண்டும் என்றுதான் அதை வெளியே வைத்தேன். வெப்சைட்டை உடைத்தவன் கையோடு போனது சுருட்டையின் அழுகை. எப்படிப் போனது என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். யார் வந்தார், யார் போனார் என்று ஃபயர்வால் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். அந்தக் கதவு வழியாக யாரும் போகவே இல்லை. இதைச் சொன்னதற்கு, நானே பதிவை அழித்துவிட்டேன் என்கிறார்கள்.

என்ன பார்த்தாய்? எப்போது? யார்? எழுது.

அக்கா


மார்ச் 7, இரவு

அக்கா,

அப்பா எழுதச் சொல்லவில்லை. நீ அப்படிக் கேட்டது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கடிதத்தைச் சலவைக்கடையில் துணிமூட்டைகளுக்கு நடுவில் நின்றே படித்தேன். அத்தை, "சோப்புத்தூள் கண்ணுல பட்டுடுச்சா?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொல்கிறேன். சொன்ன பிறகு நீ என்ன செய்வாயோ என்று பயமாக இருக்கிறது. நம் அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். எழுதும்போது பேனா சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஆண்டு விழா அன்று. நீ வெளியூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அப்பாவின் இஸ்திரி போட்ட சட்டையை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். அப்பா அங்கே இல்லை. மாடிப்படிக்கு அடியில் உன் அறை திறந்திருந்தது. உள்ளே வயர்மேன் ஸ்டூலில் ஏறி நின்றிருந்தார். அப்பா போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு போனில் வெப்சைட் கம்பெனி ஆள் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தான்.

"ரெண்டையும் ஒரே நெட்வொர்க்ல விட்ருங்க சார், மிச்சத்தை நாங்க இங்கேர்ந்தே பாத்துக்கிறோம்" என்றான் அவன்.

வயர்மேன் கையில் கேபிளை வைத்துக்கொண்டு தயங்கினார். "சார், மேடம் சிவப்பு, நீலம்னு பிரிச்சு ஒட்டி வெச்சிருக்காங்களே. சேக்கலாமா?"

"ஒரு மணி நேரம்தான்யா. விழா முடிஞ்சதும் பிடுங்கிடலாம். தாளாளர் மேடைல ஏறப்போறாரு" என்றார் அப்பா.

வயர்மேன் செருகினார். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

எந்த கேபிள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். லீவு நாளில் உன்னோடு உட்கார்ந்து அந்த டேப்பை வெட்டி ஒட்டியது நான்தான். கத்திரிக்கோல் மழுங்கி ஒரு மூலை மடிந்துபோனது. நீ மறுபடி ஒட்டச் சொன்னாய், நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். அந்த மடிந்த மூலைதான் சிவப்புப் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா என்னைப் பார்த்துச் சட்டையை வாங்கிக்கொண்டார். "ஒண்ணும் இல்லம்மா, லைன் வேலை" என்றார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. விழா முடிந்து சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலை நான் நூலகத்துக்குப் போகும்போது வயர்மேன் அந்த அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். நீ மதியம் ஊரிலிருந்து வந்து பார்க்கும்போது எல்லாம் நீ வைத்தபடியே இருந்திருக்கும். பிடுங்க மறந்துவிட்டார்கள், அக்கா. லீவு முழுக்க அது அங்கேயே இருந்திருக்கிறது.

நான் சொன்னால் அப்பாவுக்கு என்ன ஆகும்? இந்த வீடு பள்ளியுடையது. அடுத்த மாதம் எனக்குப் பரீட்சை. நாங்கள் எங்கே போவோம்? சொல்லாவிட்டால் உனக்கு என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை, பதினான்காம் தேதி, பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டு விசாரணைக் கூட்டமாம். அதற்குப் பிறகு உன் பெயரைப் போலீசுக்குக் கொடுப்பார்களாம், நீயே வேண்டுமென்று வெளியே விட்டாய் என்று.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

சுண்டெலி


மார்ச் 9

என் கண்ணே,

உன்னிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் கைக்கு எட்டியவர்மேல் பாய்ந்துவிட்டது.

இத்தனை நாளாக, அப்பாவுக்கு விஷயம் தெரியவில்லை, பயந்துபோய் என்னைக் கைகாட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. நீ அதையும் எடுத்துவிட்டாய். அவருக்குத் தெரியும். டார்ச் பிடித்ததே அவர்தான்.

அன்று மூன்று முறை போன் செய்தார். பரீட்சை அறைக்கு வெளியே நின்று பேசினேன். விழாவில் தாளாளர் ஏதோ செய்துகாட்டப்போகிறாராம், உள்ளறையைக் கொஞ்சம் திறந்துவிடு என்றார். கொஞ்சமாகத் திறக்க அது ஜன்னல் இல்லை அப்பா, முடியாது, நான் வந்து வேறு வழி செய்கிறேன் என்றேன். அவர் குரல் மாறியது. "எனக்கே பாடம் எடுக்காதே. அந்த ரூமை உனக்கு வாங்கிக் கொடுத்ததே நான்" என்றார். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஒத்துக்கொண்டார் என்று நினைத்துப் பரீட்சை எழுதினேன். பாஸ் செய்தேன், தெரியுமா? யாரிடமும் சொல்லவில்லை. நெட்வொர்க் பாதுகாப்பில் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு இப்போது போலீசுக்குப் போகலாம்.

மாடிப்படிக்கு அடியில் துடைப்பம் வைத்திருந்த அறை அது. சிலந்தி வலையை நானே அடித்தேன். மின்விசிறி கேட்டதற்குப் புன்னகைதான் கிடைத்தது. அங்கே உட்கார்ந்து வேர்த்து வேர்த்து ஒவ்வொரு கேபிளுக்கும் வாலில் பெயர் எழுதினேன். இரண்டு கதவு வழியாகவும் என்னென்ன போகலாம், என்னென்ன போகக் கூடாது என்று ஒவ்வொன்றாக யோசித்துப் போட்டேன். ஒரு கைதட்டலுக்காக அதையெல்லாம் ஒரு டிக் சத்தத்தில் முடித்துவிட்டு, என்னையே அஜாக்கிரதை என்கிறார்கள்.

ஆனாலும் கேள். நீ எதுவும் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காதே. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ உள்ளே இருக்கிறாய். அந்த வீட்டில் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். நான் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டேன். வருகிற அடி வெளியே இருப்பவள்மேல் விழட்டும். நம் வீட்டுக்கு முன்னறை நான்தான் என்று வைத்துக்கொள். அதற்குத்தானே முன்னறை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. நிஜமாக.

அக்கா


மார்ச் 10, இரவு

அக்கா,

கிழிக்கவில்லை. நீ நாற்காலியும் இல்லை, தண்ணீர்ச் சொம்பும் இல்லை. உன்னை யார் தூக்கிக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அப்பா உன்னைக் கேட்காமல் முடிவு செய்தார். இப்போது நீ என்னைக் கேட்காமல் முடிவு செய்கிறாய். இந்த வீட்டில் எல்லாருக்கும் இதே வியாதி.

பாஸ் செய்ததை எனக்குக்கூடச் சொல்லவில்லை. இதற்குத் தனியாகச் சண்டை போடுவேன்.

இன்று மூன்று விஷயம் நடந்தது. வயர்மேனைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பிடித்தேன். குழல்விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நீங்கள் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் ஏணியில் நின்றபடியே சுற்றும் முற்றும் பார்த்தார். "பாப்பா, கேட்டா சொல்லுவேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதுவரைக்கும் என்னை ஒருத்தரும் கேக்கலையே. கேக்காம நானா போய்ச் சொன்னா, சாருக்கு எதிரா கிளம்பிட்டான்னு நாளைக்கே ஏணியைப் பிடுங்கிடுவாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு, நானும் அதேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

பிறகு சுருட்டை வீட்டுக்குப் போனேன். அவள் அப்பாவின் ரொட்டிக்கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு. பகலிலேயே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் போர்வைக்குள் போய்விட்டாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வகுப்புக் கதையெல்லாம் சொன்னேன். கடைசியில் போர்வைக்குள்ளிருந்து, "உங்கக்காவா செஞ்சாங்க?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப யாரு?" என்றாள். எனக்குத் தெரியும், அக்கா. பதில் என் நாக்கில் இருந்தது. அவளிடம் சொல்லாமல் எழுந்து வந்தேன். ரொட்டி வாசனை தெரு முழுக்க என்னோடு வந்தது.

மூன்றாவது, சாப்பாட்டு மேசையில். எப்படி வாயிலிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

"அப்பா, ஆண்டு விழா அன்னிக்கு நீல கேபிள் ஏன் சிவப்புப் பெட்டில இருந்துச்சு?"

அப்பா ஸ்பூனை வைத்தார். அம்மா குழாயைத் திறந்துவிட்டு ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். அப்பா, "உனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி?" என்றார். நான்தான் அந்த டேப்பை ஒட்டினேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். "எல்லாம் இந்தக் குடும்பத்துக்காகத்தான்" என்றார். அந்தக் குடும்பத்தில் நீ இல்லையா என்று கேட்க நினைத்தேன். அவர் எழுந்துபோய்விட்டார்.

அந்த விழாவை நினைத்தாலே எரிகிறது. தாளாளர் மேடையில் நின்று, "இதோ பாருங்கள், நம் பள்ளியின் தொழில்நுட்பம்" என்றார். அலுவலகத்தில் ஒரு டீச்சர் ஒரு பெண்ணின் மதிப்பெண்ணை டைப் செய்தார். டைப் செய்த அந்த நொடியே மேடையில் இருந்த பெரிய திரையில், வெப்சைட்டில், அது வந்து நின்றது. அப்பா, அம்மாக்கள் எல்லாரும் தங்கள் போனிலும் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எங்கள் எல்லாருடைய அந்தரங்கமும் அந்த நேரத்தில் திறந்து கிடந்தது, நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

சுண்டெலி


மார்ச் 12

சுண்டெலி,

அவசரமாக எழுதுகிறேன். சலவைக்கடை மூடுவதற்குள் கொடுக்க வேண்டும்.

நீ கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? அந்த நொடியே திரையில் வந்ததா? நிச்சயமா? நான் வைத்த வழியில் அது நடக்கவே முடியாது. சாயங்காலம் ஒருமுறைதான் மதிப்பெண் வெளியே போகும். அதற்கு முன்னால் யார் தலைகீழாக நின்றாலும் வராது. நான் செய்த வேலையை விளக்கி எழுதி, தாளாளரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட தாளில் இது இருக்கிறது. நொடியில் வந்தது என்றால் வேறு வழி ஒன்று அன்று திறந்திருந்தது. நான் ஊரில் இல்லாதபோது.

பதிவை நான் அழித்துவிட்டேன் என்கிறார்களே, அத்தனை பேர் கண்ணையும் என்னால் அழிக்க முடியுமா? கைதட்டிய ஒவ்வொருவரும் சாட்சி. தாங்கள் சாட்சி என்பது அவர்களுக்குத்தான் தெரியாது.

ஒரே கேள்விதான் கேட்க வேண்டும். "அந்த மதிப்பெண் எந்த வழியாகத் திரைக்கு வந்தது?" இதைக் கேட்டால் போதும். அடுத்து வயர்மேனைக் கேட்டே தீர வேண்டும். அவர் பொய் சொல்ல மாட்டார் என்றாய்.

நான் வெள்ளிக்கிழமை வருகிறேன். நானே கேட்கிறேன். நீ வர வேண்டாம். உன் அறையில் உட்கார்ந்து படி. அப்பா பெயரை நீ சொல்லும்படி ஆகக் கூடாது. இது கெஞ்சல், கட்டளை இல்லை.

அக்கா


மார்ச் 13, இரவு

அக்கா,

உன்னை உள்ளே விடமாட்டார்கள்.

மாலையில் அப்பா நாளைய அறிவிப்பைக் கொண்டுவந்தார். மேசைமேல் கிடந்ததைப் படித்தேன். பெற்றோர், மாணவர்கள், ஊழியர்கள் மட்டும், முன்னாள் ஊழியர்களுக்கு அனுமதி இல்லை, வாசலில் காவலர் நிற்பார். யாரைப் பற்றிப் பேசப்போகிறார்களோ அவளுக்கு இடமில்லை. உலகத்தில் இருக்கிற எல்லாரும் தட்டலாம், நீ மட்டும் தட்டக் கூடாது. உன் ஃபயர்வாலை மதிக்கத் தெரியாதவர்களுக்கு ஆளை நிறுத்தி வைக்க மட்டும் நன்றாகத் தெரிகிறது.

எனக்கு அனுமதி உண்டு. நான் மாணவி.

ரொட்டிக்கடைக்கு மறுபடி போனேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா டார்ச் பிடித்ததையும். சொல்லி முடித்ததும் என்னை வெளியே போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சுருட்டையின் அப்பா கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு இந்த நெட்டு கிட்டு எல்லாம் தெரியாதும்மா. ஆனா அன்னிக்கு நானும் எழுந்து நின்னு கைதட்டினேன்" என்றார். நாளைக்குக் கடையை மூடிவிட்டு வருகிறாராம். நான் கேட்டதும் அவரும் எழுந்து அதையே கேட்பாராம், பதில் வரும்வரை உட்கார மாட்டாராம்.

சுருட்டை போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். முடி பறவைக்கூடு மாதிரி இருந்தது. "ஹால்ல எல்லா லைட்டையும் போட்டு வெக்கச் சொல்லு. நானும் வர்றேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளுக்கும்தான்.

நீ கெஞ்சினாய். எனக்குத் தெரியும். நான் பயந்தவள்தான், எழுத்தைப் பார்த்தாலே தெரியும். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர் அப்பா. ஆனால் அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்லவராக இருந்துகொண்டே உன்னை வாசலில் நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சமையலறையில் அம்மாவும் அவரும் பேசியது கேட்டது. "நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ. பேரைக் கொடுத்துட்டா முடிஞ்சுது. அவளுக்கு வக்கீல் வெச்சுக்கலாம்" என்றார் அப்பா. அம்மா முதல்முறையாகப் பதில் சொன்னாள், அக்கா. "அவ தட்டை நான் மேல ஏத்தி வெச்சேன். தினம் அதைப் பாத்துக்கிட்டேதான் உங்களுக்குச் சோறு போடறேன். என்னால முடியலை" என்றாள்.

கேள்வியைப் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் குரல் உடைகிறது. ஆனாலும் நான் கேட்பேன். அவர்கள் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டால், மடிந்த மூலையைச் சொல்வேன். "யார் செருகச் சொன்னது" என்று கேட்டால், அவர் அந்த ஹாலிலேயே இருப்பார். அவர் முகத்தைப் பார்த்து, அவரே சொல்லட்டும் என்று காத்திருப்பேன். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

நீ வாசலுக்கு வா. காவலர் விடாவிட்டாலும் வெளியே நில். நான் உள்ளேயிருந்து வந்து கதவைத் திறக்கிறேன். உள்ளேயிருந்து திறக்கலாம் என்று நீதானே வைத்தாய்.

முதல் கடிதத்தில் யாரிடமும் காட்டாதே என்று கெஞ்சியிருந்தேன். இதைக் கிழிக்காதே. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. காலையில் முதல் வேலையாகச் சலவைக்கடை அத்தையிடம் கொடுத்துவிட்டுத்தான்

வெளியே செருப்புச் சத்தம். நம் அறைப் பக்கம்தான் வருகிறது. விளக்கு கதவிடுக்கு வழியாகத் தெரிந்திருக்கும். அணைக்கலாமா என்று கை போனது. அணைக்கவில்லை.

தட்டுகிறார். அப்பாதான். "தூங்கலையாம்மா? கதவைத் திற, உங்கிட்ட பேசணும்" என்கிறார். குரலில் கோபமே இல்லை. அழுதிருக்கிறாரோ என்னவோ. இந்தக் காகிதத்தை மெத்தைக்கு அடியில் வைக்கப்போவதில்லை. மேசைமேல் எழுத்து தெரியும்படி இருக்கட்டும். மறுபடி தட்டுகிறார். நான் எழுந்து தாழ்ப்பாளை நீக்கப்போகிறேன்.